கை விடுபட்டால் போதுமா? காருக்குள் ஒலிக்கும் கம்பியில்லாத் தொலைபேசி

வாகனத்தைச் செலுத்திக்கொண்டே கையடக்கத் தொலைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துப் பேசுவது குற்றம் என்பதைக் கொழும்பில் வாகனம் ஓட்டும் எவரும் அறியாமலில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ போக்குவரத்துப் பொலிஸாரைத் தொலைவில் கண்டதும் தொலைபேசியை மடியில் நழுவ விடும் சாரதிகளே இதற்குச் சாட்சியாவர். இந்தச் சங்கடத்திலிருந்து விடுபடப் பலரும் நாடும் வழி, காரில் பொருத்தப்பட்டுள்ள வழிகாட்டிக் கருவியின் ஊடாகக் கம்பியில்லாமல் பேசுவதாகும். கைகள் ஸ்டியரிங்கில் இருக்கின்றன; பொலிஸாரின் கண்ணுக்குப் புலப்படும் குற்றம் எதுவுமில்லை; ஆகவே ஆபத்தும் நீங்கிவிட்டது என்ற முடிவுக்கு நம்மில் பெரும்பாலானோர் வந்துவிடுகிறோம். முதலிரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையல்ல. ஆண்டுதோறும் 2,000 இற்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கும் நாடு நமது நாடு. இந்நிலையில், கருவி எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

இரு வேறு தொழில்நுட்பங்களின் சேர்க்கை

வழிகாட்டிக் கருவி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு தொழில்நுட்பங்கள் இருக்கின்றன. முதலாவது ஜி.பி.எஸ். எனப்படும் செய்மதி வழி இடங்காட்டும் முறை. அமெரிக்கா தனது இராணுவத் தேவைக்காக அமைத்த இச்செய்மதிகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் வலம் வருகின்றன. ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்ளும். 2000 ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குரிய சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே துல்லியம் குன்றியதாக வைத்திருந்தது. அந்தத் தடை நீக்கப்பட்ட பின்னரே, எந்த வீதியில் நிற்கிறோம் என்று பிசகின்றிக் காட்டும் கார்க் கருவிகள் பரவலாகச் சந்தைக்கு வந்தன.

இரண்டாவது புளூடூத். சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994 இல் தொடங்கிய இம்முயற்சி, 1998 இல் எரிக்சன், நொக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தொஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னனின் பட்டப்பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. பிரிந்து கிடந்த குலங்களை அம்மன்னன் ஒன்றிணைத்தது போல, வெவ்வேறு கருவிகளை இது ஒன்றிணைக்கும் என்பது பெயரிட்டவர்களின் எண்ணம். சுமார் பத்து மீற்றர் தூரத்துக்குள் இயங்கும் இந்த வானொலி இணைப்பு, 79 அலைவரிசைகளுக்கிடையே ஒரு செக்கனுக்கு 1,600 தடவைகள் தாவித் தாவிச் செல்கிறது. அதனாலேயே நெரிசலில் பக்கத்துப் பக்கமாக நிற்கும் இருபது கார்களில் இருபது பேர் பேசினாலும் ஒருவர் பேச்சு மற்றவர் காரில் ஒலிப்பதில்லை.

கடந்த தசாப்தங்களில் 2005, 2006 ஆம் ஆண்டளவில் டொம்டொம், கார்மின் போன்ற நிறுவனங்கள் தமது கருவிகளில் இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தன. வழி சொல்லும் திரையே தொலைபேசி அழைப்பையும் ஏற்கத் தொடங்கியது. தொலைபேசி சட்டைப் பையில் இருக்க, அழைப்பவரின் பெயர் திரையில் தோன்றும். திரையைத் தொட்டால் அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். சாரதியின் குரலைச் சிறு ஒலிவாங்கி வாங்கிக்கொள்ளும். இன்று தனியான வழிகாட்டிக் கருவியை வாங்குவோர் குறைந்துவிட்டனர். அதன் இடத்தைக் காரோடு வரும் தொடுதிரையும், கண்ணாடியருகே பொருத்திய ஸ்மார்ட் தொலைபேசியும் பிடித்துக்கொண்டன. எனினும் வேலை அதுவேதான். ஒரே திரை வழியும் காட்டுகிறது, வாய்ப்பேச்சுக்கும் அழைக்கிறது.

ஜப்பானிய மொழி பேசும் திரைகள்

இலங்கையில் இவ்விடயத்துக்கு உரிய தனிச் சிக்கலொன்று உண்டு. நமது வீதிகளில் ஓடும் கார்களில் பெருந்தொகையானவை ஜப்பானில் சில காலம் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியானவை. 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு நீக்கப்பட்டதைத் தொடர்ந்து அவை மீண்டும் வரத் தொடங்கின. இக்கார்களோடு வரும் வழிகாட்டித் திரைகளின் வரைபடம் ஜப்பானுடையது. கொழும்பில் நின்றாலும் அவை நமக்கு வழிசொல்லா. வானொலியும் ஜப்பானிய அலைவரிசைக்கு அமைந்ததாகையால், நமது பண்பலை ஒலிபரப்புகளிற் பெரும்பாலானவற்றை மாற்றியமைக்கும் உபகருணமின்றிக் கேட்க இயலாது. திரையில் உயிரோடு எஞ்சியிருக்கும் ஒரே பயன் பெரும்பாலும் புளூடூத் தொலைபேசிதான்.

அதுவும் ஜப்பானிய எழுத்துகளிலேயே இருக்கிறது. எந்த விசை அழைப்பை ஏற்கும், எது துண்டிக்கும், எது ஒலியைக் குறைக்கும் என்பதை உரிமையாளர் நிறத்தையும் குறியையும் பார்த்து மனனம் செய்ய வேண்டியுள்ளது. தொலைபேசியில் தமிழில் பதிந்து வைத்த பெயர்கள் இத்திரைகளில் வெறும் கட்டங்களாகத் தெரிவதுண்டு. அழைப்பது மனைவியா, மேலதிகாரியா, வங்கியா என்று தெரியாத சாரதி, சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறார். கையை விடுவிப்பதற்கென்று வந்த கருவி, கையையும் கண்ணையும் ஒருசேரப் பறிக்கும் விந்தை இதுவாகும்.

இதனிலும் கவனத்துக்குரியது மற்றொன்று. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது சில விசைகள் இயங்காதவாறும், தொலைக்காட்சி தெரியாதவாறும் இக்கருவிகளைப் பூட்டியே அனுப்புகின்றனர். அந்நாட்டில் வாகனமோட்டும்போது தொலைபேசியைக் கையில் ஏந்திப் பேசுவதற்கு 2004 நவம்பர் முதல் தண்டனை உண்டு. 2019 டிசம்பரில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஓடும் வாகனத்தில் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதும் அங்கே குற்றம். ஆனால் கை பிரேக்கோடு தொடர்புடைய ஒரு கம்பியை மாற்றித் தொடுத்தால் இந்தப் பூட்டு திறந்துகொள்ளும். கராஜ்களில் சில நிமிட வேலை அது. உரிமையாளருக்கு அது வசதியாகத் தோன்றலாம். உண்மையில், தயாரித்தவர் அறிந்தே வைத்த பாதுகாப்பு ஒன்றை நாம் பணம் கொடுத்து அகற்றுகிறோம்.

காது கொடுத்தால் கண் போகிறது

கை ஸ்டியரிங்கிலும் கண் வீதியிலும் இருக்கும்போது பேச்சினால் என்ன தீங்கு என்று கேட்கலாம். நியாயமான இக்கேள்விக்கு விடை தேடியோர் பலர். கனடாவின் ரொறன்ரோ நகரில், தொலைபேசி வைத்திருந்து விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை ஆய்வாளர்கள் இருவர் விபத்து நேரங்களோடு ஒப்பிட்டனர். 1997 இல் வெளியான அந்த ஆய்வு, தொலைபேசியில் பேசும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று கண்டது. கையில் ஏந்தாது பேசியவர்களுக்கு அதனால் பாதுகாப்பு எதுவும் மிகுந்ததாகத் தெரியவில்லை. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், விபத்தில் காயமடைந்து வைத்தியசாலைக்கு வந்த சாரதிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வும் அதே நான்கு மடங்கையே கூறியது. அங்கும் கையில் ஏந்தியோருக்கும் ஏந்தாதோருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

காரணத்தை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். பேச்சில் ஈடுபட்ட சாரதியின் கண்கள் வீதியோரத்திலுள்ள பொருளின் மீது பதிகின்றன. ஆனால் பின்னர் கேட்டால் அதனைக் கண்டதாகவே அவருக்கு நினைவில்லை. விழித்திரையில் விழுந்த காட்சி மனத்தில் விழவில்லை. கண்ணிருந்தும் காணாமை என்று நம்மவர் சொல்வது இதற்கு நேர் பொருந்தும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையோரப் புகையிரதப் பாதையில் தொலைபேசியோடு நடந்து சென்று ரயிலில் மோதுண்டவர்கள் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். ரயிலின் இரைச்சலே எட்டாத அளவுக்குப் பேச்சு மனத்தை ஆட்கொள்ளும் என்றால், மஞ்சள் கடவையில் காலடி வைக்கும் முதியவரின் அசைவு எம்மாத்திரம்?

அப்படியாயின் பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதும் தவறா என்ற கேள்வி எழும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் வீதியைப் பார்க்கிறார். பஸ் ஒன்று குறுக்கே திரும்பினால் அவர் தாமாகவே பேச்சை நிறுத்துகிறார்; சில வேளைகளில் “பார்த்து!” என்று எச்சரிக்கிறார். தொலைபேசியில் இருப்பவருக்கு அது தெரியாது. சந்தியில் சமிக்ஞை விளக்கு மாறும் அதே கணத்தில் அவர் காணி உறுதி பற்றியோ கலியாணப் பேச்சுப் பற்றியோ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் சொல்லாமலிருப்பது மரியாதைக் குறைவென்று சாரதி எண்ணுகிறார். அந்த மரியாதை எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடுகிறது. அழைப்பது யாரென்று திரையைப் பார்க்கும் இரண்டு செக்கன்களில் 22 மீற்றர் கடந்துவிடும். காலி வீதியில் அந்தத் தூரத்துக்குள் ஒரு பஸ் தரிப்பிடமும், அதிலிருந்து இறங்கி வீதியைக் குறுக்கறுக்கும் பத்துப் பேரும் இருக்கக்கூடும்.

அழைப்பு வரும் நேரம்

நமது சமூகங்களின் வாழ்க்கை முறை இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளையையோ சகோதரனையோ வெளிநாட்டுக்கு அனுப்பாத குடும்பத்தைக் காண்பதரிது. கொழும்பில் காலை ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டரை அல்லது ஒன்பதரை மணி. வேலை முடித்து, உணவருந்தி, ஊரோடு பேச அவர்கள் அமரும் வேளை அதுவே. நமக்கோ அது பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேளை. கொழும்பில் மாலை ஆறு மணி என்றால் லண்டனில் மதிய உணவு இடைவேளை. நமக்கு அலுவலகம் விட்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரம். சவூதியிலும் கட்டாரிலும் தொழில் புரிவோருக்கு நம்மைவிட நேரம் இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கு அவர்கள் வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஆறுதலாக வீட்டை அழைக்கும்போது, இங்கு குடும்பத் தலைவர் ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதென்று பள்ளிவாசலை நோக்கி வாகனத்தைச் செலுத்திக்கொண்டிருப்பார்.

இவ்வழைப்புகள் பெரும்பாலும் வட்ஸ்அப், வைபர் போன்ற செயலிகளின் ஊடாக வருபவை. பழைய புளூடூத் கருவிகள் சாதாரணத் தொலைபேசி அழைப்பை ஏற்பதற்கென அமைக்கப்பட்டவை. செயலி வழி வரும் அழைப்பை அவற்றுட் சில சரியாக இனங்காண்பதில்லை. மணி காரில் ஒலிக்கும். குரலோ தொலைபேசியிலேயே கேட்கும். “கேட்குதில்லை, கேட்குதில்லை” என்று மறுமுனையில் தாய் சொல்லிக்கொண்டிருக்க, மகன் ஒரு கையால் தொலைபேசியைத் தேடத் தொடங்குகிறார். தமது காரில் எவ்வகை அழைப்பு ஒழுங்காக வேலை செய்யும், எது செய்யாது என்பதை நிறுத்தி வைத்த வாகனத்தில் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டால் இந்தத் தடுமாற்றம் நேராது.

முச்சக்கரவண்டிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். 2015 இல் பிக்மீ, ஊபர் ஆகிய சேவைகள் இங்கு தொடங்கிய பின்னர், ஓட்டோவின் கைபிடியருகே தொலைபேசி ஒன்று பொருத்தப்பட்டிருப்பது வழமையாயிற்று. அதில் வரைபடம் ஓடுகிறது; அடுத்த வாடகை வருகிறது; பயணி அழைக்கிறார். ‘எங்க வாறீங்க அண்ணே?’ என்று இரண்டு நிமிடத்துக்கொருமுறை கேட்பவர்கள் நாமே. வண்டி எங்கே வருகிறதென்று நமது கையிலுள்ள திரையே காட்டிக்கொண்டிருக்கும்போது, அதைச் செலுத்துபவரிடம் அதே கேள்வியைக் கேட்பது எதற்காக? சாரதியின் பொறுப்புப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். அழைப்பவரின் பொறுப்புப் பற்றி எவரும் பேசுவதில்லை.

வழிகாட்டி அறியாத வழிகள்

தொலைபேசியும் வழிகாட்டியும் ஒரே திரையில் அமைந்திருப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. அழைப்பு வந்ததும் பல கருவிகளில் வரைபடத்தின் ஒரு பகுதியை அழைப்பாளர் பெயர் மறைத்துக்கொள்கிறது. வழிசொல்லும் குரலும் அடங்கிவிடுகிறது. திரும்ப வேண்டிய சந்தி கடந்துவிட்டதைப் பேச்சு முடிந்த பின்னரே சாரதி உணர்கிறார். ஒருவழிப் போக்குவரத்து மிகுந்த கொழும்பில் அதன் விளைவு நாம் அறிந்ததே. சடுதியாகப் பிரேக் போடுவதும், பின்னோக்கி எடுப்பதும், தவறான பக்கத்தில் நுழைவதும் அவ்வேளைகளில்தான் நிகழ்கின்றன.

நமது வீதிப் பெயர்களும் கருவிக்குத் துணைபுரிவதில்லை. டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை என்று திரை காட்டுவதை வெள்ளவத்தையின் மூத்தவர்கள் ஹை ஸ்ட்ரீட் என்பார்கள். ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்றால் பலருக்குப் புரியாது. டுப்ளிகேஷன் வீதி என்றால் உடனே புரியும். ஹெவ்லொக் வீதிக்கும் பௌத்தாலோக மாவத்தைக்கும் இவ்வாறே இரு பெயர்கள் உள்ளன. கருவி ஆங்கில உச்சரிப்பில் புதுப் பெயரைச் சொல்ல, வீட்டுக்காரர் தொலைபேசியில் பழைய பெயரைச் சொல்ல, இரண்டுக்குமிடையில் சாரதி தடுமாறுகிறார். கொட்டாஞ்சேனையில் நிலைமை இன்னும் கடினம். ஜம்பட்டா வீதி, ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தை ஆகியவற்றை ஒட்டிய ஒழுங்கைகளில் பொருட்களை இறக்கும் லொறியும், தள்ளுவண்டியும், பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே அகலத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஜூன் 13 ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருவிழாவின்போதும், செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் ரதம் புறப்பட்டு வரும்போதும் வீதிகள் மாறிப்போவதைச் செய்மதி அறியாது. அங்கெல்லாம் சாரதிக்குத் தேவை கண்ணும் காதும் முழுமையாக வீதியில் இருப்பதே.

பேச்சும் ஓர் அமானிதமே

பாதுகாப்பைப் போலவே அந்தரங்கமும் இங்கு கவனிக்கத்தக்கது. தொலைபேசியைக் காரோடு முதன்முறை இணைக்கும்போது, தொடர்பு இலக்கங்களைப் பகிர அனுமதிக்கிறீர்களா என்று தொலைபேசி கேட்கும். யோசியாமல் ஆமென்று அழுத்தினால் நமது பெயர்ப் பட்டியலும், அண்மைய அழைப்புகளின் பதிவும் கார்க் கருவியில் படிந்துவிடும். பல கருவிகளில் அவை நாம் அழிக்கும்வரை அங்கேயே இருக்கும். வாடகைக்கு எடுத்த காரிலும், விற்றுவிட்ட காரிலும் நமது உறவினர், வாடிக்கையாளர், நண்பர் அனைவரது இலக்கங்களையும் விட்டுச் செல்கிறோம். அவர்கள் அந்த இலக்கங்களை நம்மிடம் நம்பித் தந்தவர்கள். பிறர் நம்பி ஒப்படைத்ததை முஸ்லிம் சகோதரர்கள் அமானிதம் என்பர். அதைப் பேணுவது கடமை என்பதில் எந்தச் சமயத்தவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

பேச்சும் அத்தகையதே. கையில் ஏந்திப் பேசும்போது ஒருவருக்கு மட்டும் கேட்ட குரல், காரின் ஒலிபெருக்கியில் அனைவருக்கும் கேட்கிறது. நோயைப் பற்றியும் கடனைப் பற்றியும் ஒருவர் மனம் திறந்து சொல்லும்போது, பின்னாசனத்தில் அயல்வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருப்பதை அவர் அறியமாட்டார். அழைப்பை ஏற்றவுடன் “ஸ்பீக்கரில் இருக்கிறீர்கள், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்” என்று சொல்லிவிடுவது நாகரிகமான வழக்கமாகும். அவ்வாறு சொன்னால் அழைப்பும் பெரும்பாலும் விரைவில் முடிந்துவிடும் என்பது உபரி நன்மை.

செய்யத்தக்கவை

இவ்வளவும் சொல்வதால் இக்கருவிகளையே கழற்றி எறிய வேண்டுமென்பது எமது கருத்தன்று. தொலைபேசியைக் காதில் பிடித்து ஒரு கையால் வாகனமோட்டுவதைக் காட்டிலும், எண்களைத் தேடி அழுத்துவதைக் காட்டிலும், கை விடுபட்ட நிலை மேலானது என்பதில் ஐயமில்லை. வீதியில் விபத்தொன்றைக் கண்டால் வாகனத்தை ஓரங்கட்டி 1990 என்ற அம்புலன்ஸ் சேவையையோ 119 இல் பொலிஸாரையோ உடனே அழைக்க அது உதவும். நாம் வலியுறுத்துவது, கருவி கைகளுக்கு மட்டுமே விடுதலை தருகிறது என்பதையே. கவனத்தைக் காப்பது நமது பொறுப்பாகவே எஞ்சியிருக்கிறது.

அதற்குச் சில எளிய பழக்கங்கள் போதுமானவை. இணைப்பை ஏற்படுத்துவது, போகுமிடத்தைப் பதிவது, ஒலியின் அளவைச் சரிசெய்வது ஆகியவற்றை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மொழியை மாற்றும் வசதி கருவியில் இருந்தால் முதல்நாளே மாற்றிவிட வேண்டும். இல்லையாயின் அடிக்கடி அழைப்போரின் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்தால் திரையில் அடையாளம் தெரியும். கார் ஓடும்போது செயற்படாதவாறு பூட்டப்பட்டவற்றைத் திறக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது. குரல் தெளிவாகக் கேட்பதற்கு ஒலிவாங்கி சாரதியின் வாய்க்கு நேரே, குளிரூட்டியின் காற்று நேரே படாத இடத்தில் இருப்பது நல்லது. கேட்காத குரலைக் கேட்க முயல்வது மனத்தை இருமடங்கு இழுத்துச் செல்லும். ஏற்ற அழைப்பை “ஓடிக்கொண்டிருக்கிறேன், பத்து நிமிடத்தில் எடுக்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொள்ளலாம். பணம், சண்டை, மரணச் செய்தி ஆகியவை ஓடும் வாகனத்தில் பேசத்தக்கவை அல்ல. அத்தகைய அழைப்பென்று உணர்ந்ததும், இடமுள்ள பக்கவீதியொன்றில் நிறுத்திப் பேசுவதே முறை. காரை விற்கும்போதும் வாடகைக் காரை ஒப்படைக்கும்போதும் இணைப்பையும் பெயர்ப் பட்டியலையும் அழித்துவிட வேண்டும்.

உலக நாடுகளின் சட்டங்களிற் பெரும்பாலானவை இன்னமும் கையை மட்டுமே கவனிக்கின்றன. பிரித்தானியா 2003 டிசம்பரில் கையில் ஏந்துவதைத் தடை செய்து, 2022 மார்ச்சில் அத்தடையை மேலும் இறுக்கியது; ஆயினும் ஏந்தாமல் பேசுவதை விட்டுவைத்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2011 டிசம்பரில், கையில் ஏந்தாத பேச்சையும் சாரதிகளுக்குத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை பரவலாக ஏற்கப்படவில்லை. பொலிஸாருக்கு இதில் உள்ள இடர்ப்பாடு விளங்கக்கூடியதே. கையிலிருக்கும் தொலைபேசியைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து காணலாம்; மனம் எங்கே இருக்கிறது என்பதை எந்த உத்தியோகத்தரும் காண முடியாது. ஆகவே இவ்விடயத்தில் சட்டத்துக்காகக் காத்திருப்பதில் பயனில்லை.

முதலில் மாற வேண்டியது அழைப்பவர்களின் வழக்கமே என்பது எமது கருத்து. தொலைபேசியில் ஒருவர் கிடைத்ததும் “சாப்பிட்டாச்சா?”, “சுகமா?” என்று விசாரிப்பது நமது பண்பு. அதற்கு முன் இன்னொரு கேள்வியையும் கேட்கப் பழகிக்கொள்வோம். “வாகனம் ஓட்டுகிறீர்களா?” என்பதே அது. ஆமென்று பதில் வந்தால், “போய்ச் சேர்ந்தபின் எடுங்கள்” என்று சொல்லி நாமே முதலில் துண்டித்துவிடுவோம். பிள்ளை ரொறன்ரோவில் இருந்தாலும், தந்தை றியாத்தில் இருந்தாலும், அந்தப் பத்து நிமிடம் காத்திருக்க அவர்களுக்கும் மனம் இருக்கும்.